மருந்தின் மட்டமும் நோயின் தணிவும்



மூட்டு நோவுக்கோ நாரி உளைவுக்கோ குளிசை வாங்காத வீடு இந்நாளில் நம்மிடையே அரிது. எழுவான்கரையிலே வலை இழுப்போரும், படுவான்கரையிலே நெல் வயலில் குனிந்து களை பிடுங்குவோரும், காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறியின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போரும் என்றேனும் ஒருநாள் இம்மருந்துகளை நாடவே செய்கின்றனர். அவ்வாறு நாடுவோர் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகளுள் இரண்டு மிகவும் பொதுவானவை. "ஒரு குளிசை போட்டேன், நோவு குறையவில்லை, இரண்டாகப் போடலாமா?" என்பது ஒன்று. "இதே மருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே சுகம் தந்தது, எனக்கு ஏன் தரவில்லை?" என்பது மற்றொன்று.

இவ்விரு கேள்விகளும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. நாம் விழுங்கும் குளிசையின் எண்ணிக்கை வேறு. உடலினுள்ளே அம்மருந்து நிற்கும் மட்டம் வேறு. நோயைத் தணிப்பதும் எண்ணிக்கையன்று, மட்டமே; தீங்கு செய்வதும் அம்மட்டமே. இதனைச் சற்று விரிவாக ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் அழற்சி என்பது யாது என்று பார்ப்போம். காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, நோகிறது. இந்நான்கும் சேர்ந்ததே அழற்சி. இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி. ஆயினும், தூண்டிய காரணம் நீங்கிய பின்னும் அது அடங்காது நின்றாலோ, காரணமின்றியே மூட்டுகளில் மூண்டெழுந்தாலோ, காவலே நோயாகி விடுகின்றது. இவ்வழற்சியை எழுப்பும் பொருள்களுள் புரொஸ்தாகிளாண்டின் என்பன முக்கியமானவை. அஸ்பிரின் முதலிய மருந்துகள் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் வேன் என்ற அறிஞர் நிறுவினார். அதற்காக 1982ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அஸ்பிரின், இப்யூபுரோபன், டைக்ளோபெனாக், நப்ரொக்சென் ஆகியன யாவும் இவ்வகுப்பைச் சேர்ந்த அழற்சி தணிப்பான்களே.

இனி, மட்டம் என்று நாம் கூறுவதன் பொருளைக் காண்போம். மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவிக்கு மேற்கேயிருந்து ஆறுகளும் ஓடைகளும் நீரைக் கொண்டு வருகின்றன. கடலுக்குச் செல்லும் வழியோ பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயுமே. வாவியின் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டால், பெய்த மழையை மாத்திரம் அளந்து விடை கூற முடியாது. உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்ற இரண்டையும் அறிந்தாலன்றி மட்டத்தை அறிய முடியாது. வாய் நன்கு திறந்திருக்குங்கால் பெருமழையும் தாங்கும். வாயை மணல்மேடு அடைத்திருக்குங்கால் நடுத்தர மழையே படுவான்கரை வயல்களை மூழ்கடித்து விடும். முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று கமக்காரர் கேட்பது அதனாலேயே.

மருந்தும் இவ்வாறே. குளிசை வழியாக மருந்து உள்ளே வருகின்றது. ஈரல் அதனை மாற்றியமைக்கின்றது, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. வரவுக்கும் செலவுக்கும் இடையே எஞ்சி நிற்பதே குருதியிலுள்ள மட்டம். அம்மட்டம் பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் நேரத்தை அரை ஆயுட்காலம் என்பர். இப்யூபுரோபனுக்கு அது சுமார் 2 மணி நேரம். நப்ரொக்செனுக்குச் சுமார் 14 மணி நேரம். பிரொக்சிகாம் என்ற மருந்துக்கோ சுமார் 50 மணி நேரம். ஒரு மருந்தைத் தவறாது உட்கொண்டு வந்தால், நான்கு அல்லது ஐந்து அரை ஆயுட்காலங்கள் கழிந்த பின்னரே அதன் மட்டம் ஒரு நிலைக்கு வரும். நப்ரொக்செனுக்கு இது மூன்று நாளாகின்றது. பிரொக்சிகாமுக்குப் பத்து நாளளவு ஆகின்றது. முதல் நாளிலேயே "கேட்கவில்லை" என்று இன்னொன்றைச் சேர்ப்பவர், வாவி நிரம்புவதற்கு முன்னரே மேலும் ஓர் ஆற்றைத் திருப்பி விடுபவருக்கு ஒப்பாவார்.

அளவுக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை மனிதர் அறிந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் எட்வேட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763ஆம் ஆண்டில் ஒரு கடிதம் வரைந்தார். அலரி, நொச்சி போன்ற நம் மரங்களைப் போலவே அங்கு நீரோரங்களில் வளரும் வில்லோ மரத்தின் பட்டையைக் காயவைத்துத் தூளாக்கி, முறைக்காய்ச்சல் உற்றோருக்கு நான்கு மணிக்கொருதரம் கொடுத்ததாக அதிலே குறிப்பிட்டார். அவர் முதலில் கொடுத்த அளவு சிறிது, பலனும் சிறிது. அளவைக் கூட்டினார், காய்ச்சல் தணிந்தது. மேலும் கூட்டினார், காய்ச்சல் நீங்கியது. குருதியில் மருந்தை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. ஆயினும், குறைந்த அளவு மருந்தாகாது என்பதையும், இடைவெளி தவறாது கொடுத்தல் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த சலிசின் என்ற பொருளை ஸ்கொத்லாந்து வைத்தியர் மக்லகன் 1876ஆம் ஆண்டில் வாதக்காய்ச்சலுக்குக் கொடுத்து, காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தணிவதைக் கண்டு எழுதினார். 1897இல் ஜேர்மனியின் பேயர் தொழிற்கூடத்தில் அஸ்பிரின் தூய வடிவில் ஆக்கப்பட்டது. 1899இல் விற்பனைக்கு வந்தது.

குருதியில் மருந்தின் மட்டத்தை அளந்து, அதனை நோயின் தணிவோடு ஒப்பிடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அமெரிக்க வைத்தியர் அல்வின் கோபர்ன் 1943ஆம் ஆண்டில் வாதக்காய்ச்சல் நோயாளருக்குச் சலிசிலேற்று மருந்தைப் பேரளவிற் கொடுத்தார். குருதியில் அதன் மட்டத்தையும் அளந்தார். 100 மில்லிலீற்றரில் 35 மில்லிகிராமுக்கு மேல் அம்மட்டம் நின்றால் அழற்சி அடங்குகின்றது என்றும், அதற்குக் கீழே நின்றால் நோவு மாத்திரம் மறைந்து, அழற்சி உள்ளே நீடிக்கின்றது என்றும் அவர் கருதினார். ஒரு மருந்துக்கு இத்தனை மட்டம் வேண்டும் என்று எண்ணால் கூறியமை அக்காலத்தில் பெரிய செய்தி. வைத்தியர் பலர் அவ்வெண்ணை நோக்கி மருந்தைக் கூட்டினர். காதில் இரைச்சல், வாந்தி, மூச்சு விரைதல், குருதியின் அமில நிலை கெடுதல் ஆகிய தீங்குகளும் உடன் வந்தன.

அத்துணை உயர்ந்த மட்டம் தேவைதானா? அது இருதயத்தைக் காக்குமா? இக்கேள்விகளுக்கு ஒரு வைத்தியரின் அனுபவம் விடையாகாது. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து, வாதக்காய்ச்சல் உற்ற 497 பிள்ளைகளை மூன்று தொகுதியாக்கின. ஒரு தொகுதிக்கு அஸ்பிரினும், ஏனைய இரண்டுக்குக் கோட்டிசோனும் அதனைச் சார்ந்த ஒரு சுரப்பு மருந்தும் கொடுக்கப்பட்டன. 1955ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு கழித்து இருதயத்தின் நிலையை நோக்கியபோது மூன்று தொகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. மட்டம் போதுமான அளவு இருந்தால் மருந்து தன்னால் இயன்றதைச் செய்யும். மட்டத்தை மேலும் உயர்த்துவதால் தன்னால் இயலாததை அது செய்துவிடாது. அஸ்பிரின் வாதக்காய்ச்சலின் மூட்டு நோவை வியக்கத்தக்க விரைவில் நீக்கும். இருதய வால்வைக் காக்காது. அதனைக் காப்பது, நோய் மீண்டும் வராமல் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை போடப்படும் பென்சிலின் ஊசியே. பிள்ளையின் மூட்டு நோவு மாறிவிட்டது என்று அவ்வூசியை நிறுத்தும் பெற்றோர், புகை அடங்கியதைக் கண்டு நெருப்பு அணைந்தது என்று கொள்பவராவர். அவ்வூசியின் இரகசியமும் மட்டமே. தசையிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, கிருமியைத் தடுக்கும் அளவினதான மட்டத்தை வாரக்கணக்கில் நிலைநிறுத்துவது அது. ஒரு தவணை தவறினால் அம்மட்டம் வீழ்ந்து விடுகின்றது.

மீண்டும் அஸ்பிரினுக்கு வருவோம். "இரண்டாகப் போடலாமா?" என்ற முதற் கேள்விக்கு நேரான விடையை அளித்தவர், அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹாட் லெவி. சலிசிலேற்று உடலை விட்டு நீங்கும் வழிகளுள் முக்கியமானவற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1960களில் அவர் எடுத்துக் காட்டினார். சிறிய அளவில் உட்கொண்டால் அதன் அரை ஆயுட்காலம் இரண்டு மூன்று மணி நேரமே. பெரிய அளவில் உட்கொண்டால் அது 15 முதல் 30 மணி நேரம் வரை நீளுகின்றது. காரணம், ஈரலின் நொதியங்கள் தம்மால் இயன்ற அளவு வேலையை ஏற்கெனவே செய்து கொண்டிருக்கின்றன. அதற்கு மேல் வருவது தேங்கி நிற்கின்றது. 8 மணிக்கொருமுறை உட்கொள்ளும் அளவை அரைக் கிராமிலிருந்து ஒரு கிராமாக இரட்டித்தால், உடலில் நிற்கும் மருந்து இரட்டிப்பதில்லை; ஆறு மடங்குக்கு மேலாகின்றது என்று 1972ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அம்மட்டம் நிலைபெறவும் இரண்டு நாளுக்குப் பதில் ஒரு வாரம் ஆகின்றது. ஆகவே, இன்று கூட்டிய அளவின் தீங்கு இன்று தெரியாது. அடுத்த வாரம் தெரியும். குறுகிய வாயுள்ள வாவியில் மழை சற்றே கூடினாலும் வயல் மூழ்குவது போன்றது இது.

எல்லா மருந்தும் இவ்வாறு நடப்பதில்லை. நப்ரொக்செனை மிகுந்த அளவில் கொடுத்தால், குருதிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாது தனித்து நிற்கும் பங்கு கூடி, அது விரைவாக வெளியேறி விடுகின்றது. அதனால் அளவைக் கூட்டிய விகிதத்தில் மட்டம் கூடுவதில்லை. ஒன்றின் வாய் குறுகியது. மற்றொன்றின் வாய் வெள்ளம் கூடக் கூட அகல்வது. ஒரு மருந்தை இரட்டித்துத் தீங்கின்றித் தப்பியவர், மற்றொரு மருந்தையும் அவ்வாறே இரட்டிக்கலாம் என்று எண்ணுதல் பெரும் பிழையாகும்.

மட்டம் கூடினால் குணமும் கூடுகின்றதா என்பதை மூட்டுவாத நோயாளரிடம் ஆராய்ந்தவர்கள் உளர். 1982ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் நப்ரொக்சென் மூன்று வேறு அளவுகளிற் கொடுக்கப்பட்டது. குருதியில் மட்டம் உயர்ந்தவர்களிடையே குணம் கண்டவர்களின் பங்கும் உயர்ந்திருந்தது. ஆனால், பல் பிடுங்கிய பின் எழும் நோவுக்கு இப்யூபுரோபன் கொடுத்து நடத்திய ஆய்வுகளில், 400 மில்லிகிராமுக்கு மேல் அளவைக் கூட்டியபோது நோவின் தணிவு அதற்கேற்பக் கூடவில்லை. நாட்பட்ட அழற்சிக்கு ஓரளவு உயர்ந்த மட்டம் வேண்டும். சாதாரண நோவுக்குச் சிறிய மட்டமே போதும். இரண்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்புக்கு மேல் பலன் நின்று விடுகின்றது. தீங்கு நிற்பதில்லை.

குருதியில் மட்டம் இறங்கிய பின்னும் நோவு தணிந்திருப்பது எவ்வாறு என்று சிலர் வினவலாம். மூட்டுக்குள்ளே உள்ள நீர் குருதியினின்று வேறானது. இப்யூபுரோபனும் டைக்ளோபெனாக்கும் அந்நீருக்குள் மெல்லவே நுழைகின்றன, மெல்லவே வெளியேறுகின்றன. உட்கொண்டு சில மணி நேரம் கழிந்தபின், குருதியில் உள்ளதைக் காட்டிலும் மூட்டு நீரிலேயே அவை மிகுந்து நிற்கின்றன. அஸ்பிரினின் மற்றொரு தொழில் இன்னும் விந்தையானது. இருதய நோயாளர் நாள்தோறும் உட்கொள்ளும் 75 அல்லது 100 மில்லிகிராம் அஸ்பிரின் அரை மணி நேரத்துக்குள் உருமாறி மறையத் தொடங்குகின்றது. ஆனால், அது தொட்ட குருதிச் சிறுதட்டுகள் தம் வாழ்நாளாகிய எட்டுப் பத்து நாள் வரை பழைய ஆற்றலைத் திரும்பப் பெறுவதில்லை. அச்சிறிய அளவு மூட்டு அழற்சியைத் தணிக்கப் போதாது. குருதி உறைவதைத் தடுக்கப் போதும். ஒரே மருந்து, இரு மட்டம், இரு தொழில்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒருவருக்குச் சுகம் தந்த அதே அளவு மற்றவருக்கு ஏன் தரவில்லை? வாவிக்கு வாவி வாய் வேறுபடுவதே காரணம். முதியவரின் சிறுநீரகம் இளைஞருடையதைப் போல விரைந்து வேலை செய்வதில்லை. ஈரல் நோயாளரிடமும், ஊட்டம் குறைந்தவரிடமும் குருதிப் புரதம் குறைந்திருக்கும். அதனால் மொத்த மட்டம் சரியாகத் தோன்றினும் தனித்து நின்று வேலை செய்யும் மருந்து மிகுந்திருக்கும். உடன் உட்கொள்ளும் மருந்தும் மட்டத்தை மாற்றும். வாதக்காய்ச்சலுக்கு அஸ்பிரின் பெற்ற பிள்ளைகளுக்கு, வயிற்று எரிவைத் தணிக்க அமிலமாற்றி மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது, சிறுநீரின் காரத்தன்மை கூடி, அஸ்பிரின் விரைவாக வெளியேறி, அதன் மட்டம் வெகுவாகத் தாழ்ந்ததை லெவியின் குழுவினர் 1975ஆம் ஆண்டில் அறிவித்தனர். வைத்தியர் கொடுத்த அளவு குறையவில்லை. பிள்ளையின் உடலில் நின்ற மட்டம் குறைந்தது. அதுபோலவே, ஸ்டிரொயிட் மருந்தோடு அஸ்பிரினையும் உட்கொள்பவர் ஸ்டிரொயிட்டைக் குறைக்கும்போது, அதுவரை தாழ்ந்து நின்ற சலிசிலேற்று மட்டம் எழும்பி நஞ்சாகவும் கூடும். அயலவரின் சீட்டைக் கொண்டு மருந்து வாங்குதல் ஏன் தகாது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் நூலறிவுச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிக்குன்குன்யாக் காய்ச்சல் இலங்கையில் மீண்டும் பரவியபோது மட்டக்களப்பும் கல்முனையும் அதற்கு இலக்காயின. போரும் இடப்பெயர்வும் மக்களை வாட்டிய காலம் அது. நுளம்பு கொண்டுவரும் இந்நோயின் பெயர், உடலை வளைத்து முறுக்குவது என்னும் பொருள்படும் ஆபிரிக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் சில நாளில் விட்டு விடும். மூட்டு நோவோ சிலரிடம் வாரக்கணக்கிலும், சிலரிடம் மாதக்கணக்கிலும், இன்னுஞ் சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். இத்தகைய நீண்ட நோவிலேயே மட்டத்தை மறத்தல் மிகுந்த தீங்கு விளைக்கும். காலையில் அரசாங்க வைத்தியசாலைக் குளிசை, மாலையில் கடைக் குளிசை, இடையிலே தனியார் வைத்திய நிலையத்தில் ஓர் ஊசி என்று மூன்று வழிகளில் ஒரே வகுப்பு மருந்து உட்சென்றால், அதன் கணக்கு எவரிடமும் இராது. உடல் மாத்திரமே அக்கணக்கை வைத்திருக்கும். வயிற்றில் புண், கருநிற மலம், முகத்திலும் காலிலும் வீக்கம் என்பனவாக அது அக்கணக்கை ஒப்புவிக்கும்.

இதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. சிக்குன்குன்யாவைக் கொண்டுவரும் அதே நுளம்பே டெங்குவையும் கொண்டு வருகின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கிழக்கு மாகாணமும் அதில் வெகுவாகத் துன்புற்றது. முதல் இரண்டு நாட்களில் இவ்விரு நோய்களையும் வேறுபடுத்தி அறிவது எளிதன்று. டெங்குவிலோ குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. குருதிக் குழாயிலிருந்து நீர் கசிகின்றது. அந்நிலையில் சிறுதட்டுகளை மேலும் செயலிழக்கச் செய்யும் அஸ்பிரின், இப்யூபுரோபன், டைக்ளோபெனாக் ஆகியவை ஆபத்தானவை. இங்கே பாதுகாப்பான மட்டம் என்று ஒன்று இல்லை. குளிசையாயினும் ஊசியாயினும் குதவழி வைக்கும் மருந்தாயினும் ஒன்றே. காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே தக்கது. அதற்கும் வரம்பு உண்டு. வளர்ந்தோருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேற்படலாகாது; உடல் மெலிந்தோருக்கும் ஈரல் நோயாளருக்கும் அதனினும் குறைவு. பிள்ளைகளுக்கோ நிறையைக் கொண்டே அளவு கணிக்க வேண்டும். பரசிற்றமோலின் மிகை ஈரலைச் சிதைக்கும். அச்சிதைவு முதல் நாளில் வெளித் தெரிவதில்லை.

வெயிலில் உழைப்போருக்கும் ஒரு சொல். வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது, சிறுநீரகத்துக்குக் குருதி குறையாமற் காப்பவை மேலே கூறிய புரொஸ்தாகிளாண்டின்களே. அழற்சி தணிப்பான் அவற்றைத் தடுத்து விடுகின்றது. அறுவடைக் காலத்தில் நண்பகல் வெயிலில், தண்ணீர் குடியாது, நாரி உளைவுக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்பவர், மருந்து வெளியேற வேண்டிய வாயைத் தாமே அடைக்கின்றார். குருதி அழுத்தத்துக்கு லொசார்ட்டான், எனலாப்பிரில் போன்ற மருந்தும், நீர் இறங்குவதற்கான மருந்தும் உட்கொள்பவர்களிடம் இத்தீங்கு பன்மடங்காகும். அவர்கள் வைத்தியரைக் கேளாது ஒரு நோவுக் குளிசையும் வாங்கலாகாது. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும் நோயே. நோவை மறைத்துக் கொண்டு நாளைக் கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஒரே மருந்தை அறியாமலே இருமுறை உட்கொள்ளும் தவற்றுக்கு ஒரு முக்கிய காரணம், மருந்துக்கு இருக்கும் பல பெயர்கள். கம்பனிகள் சூட்டும் வியாபாரப் பெயர் பலவாயினும், உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கக் கூடும். மருந்தை அதன் பொதுப்பெயராலேயே வழங்கவேண்டும் என்று இந்நாட்டில் ஓயாது வற்புறுத்தியவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. அவரது முயற்சியினாலேயே 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. 1977ஆம் ஆண்டில் கயானா நாட்டிலே அவர் காலமானார். அவர் வற்புறுத்திய பொதுப்பெயர் இன்று நமக்குப் பணத்தை மாத்திரம் மிச்சப்படுத்துவதன்று, உயிரையும் காப்பது. குளிசைத் தாளில் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் படித்தால், இரு வேறு நிறக் குளிசைகளும் ஒரே டைக்ளோபெனாக் என்பது தெரிந்து விடும்.

நாட்பட்ட மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேற் என்ற மருந்தைப் பற்றியும் கூறாமல் விடுவதற்கில்லை. இது வாரத்துக்கு ஒருமுறை மாத்திரம் உட்கொள்ள வேண்டியது. ஒரு நாளுக்குள் குருதியிலிருந்து பெரும்பாலும் மறைந்து விடும். ஆனால், கலங்களின் உள்ளே உருமாறித் தங்கி, வாரம் முழுதும் வேலை செய்யும். வாரக் குளிசையை நாட்குளிசையாக எண்ணி உட்கொண்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உளர். எந்தக் கிழமையில் உட்கொள்வது என்பதைச் சீட்டிலே எழுதுவித்து, வீட்டில் எழுத்தறிந்த ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தல் நன்று.

மட்டத்தை அளந்து மருந்து கொடுக்கும் முறை இக்காலத்தில் புதிய வடிவம் பெற்றுள்ளது. குடலழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தையே பிடித்து அடக்குகின்றன. குரோன் என்ற குடல் நோயுற்ற ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த பிரித்தானிய ஆய்வொன்று 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பதினான்காம் வாரத்தில் குருதியில் மருந்து மட்டம் தாழ்ந்திருந்தவர்களுக்கே பெரும்பாலும் குணம் கிட்டாமற் போனது என்று அது கண்டது. சிலர் உடலில் இம்மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும் புரதம் தோன்றி, மட்டத்தை வீழ்த்தி விடுகின்றது. ஆயினும் எல்லா நோயாளருக்கும் எப்பொழுதும் மட்டத்தை அளப்பது பயன் தருமா? நோர்வே நாட்டில் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான இரு பரிசோதனைகளுள் ஒன்று, சிகிச்சையின் தொடக்கத்தில் அளந்து அளவை மாற்றுவதால் அதிக நன்மை இல்லை என்றது. மற்றொன்று, குணம் கண்டவரைத் தொடர்ந்து காப்பதற்கு அது உதவுகின்றது என்றது. எண் வைத்தியருக்குத் துணையாகலாம். வைத்தியரின் இடத்தை அது பெறுவதில்லை.

நம் ஊர் மருந்தகத்தில் டைக்ளோபெனாக்கின் மட்டத்தை அளப்பதில்லை; அளக்கவும் வேண்டியதில்லை. அதற்கு ஈடாக நாம் செய்யத்தக்கவை உண்டு. குறித்த அளவைக் குறித்த நேரத்தில், உணவுக்குப் பின் உட்கொள்ளுங்கள். மறந்த தவணையை ஈடு செய்ய இரண்டாகப் போடாதீர்கள். இரு நோவுக் குளிசைகளை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், பரிகாரியாரிடம் பெற்ற குடிநீரும் உட்பட, வைத்தியரிடம் காட்டுங்கள். காதில் இரைச்சல், சிறுநீர் குறைதல், கருநிற மலம் என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சில நாளில் குணம் தெரியாவிடில் கூட்டாதீர்கள், கேளுங்கள். மருந்து மாற வேண்டியிருக்கலாம். அல்லது நோயே வேறாக இருக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. அளவுக்குக் குறைந்தால் மருந்தும் மருந்தன்று என்பதையும் அதனோடு சேர்த்துக் கொள்வோமாக. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவிலே உள்ள இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதனைத் தேடி அறிவதே வைத்தியரின் தொழில்; அறிந்த பின் அதில் வழுவாது நிற்பது நோயாளரின் கடமை.